தீவுப் பகுதியில் நன்னீரும் நிலவுறவும்: மு. தளையசிங்கத்தின் கிணற்றுப் போராட்டம் பற்றிய ஒரு மறுநோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே பரந்து கிடக்கும் தீவுகளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் தண்ணீர்ப் பஞ்சத்திலிருந்தே தொடங்குவர். ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எனத் தீவின் பெயர் மாறும். பஞ்சம் மட்டும் மாறாது. பஞ்சம் என்ற இச்சொல் வானத்தையும் மண்ணையும் குற்றவாளிகளாக்கி மனிதரை விடுவித்துவிடும் இயல்புடையது. தீவுகளில் நன்னீர் அரிது என்பது உண்மையே. ஆனால் அரிதான பொருள் ஒன்று எவர் கையில் இருந்தது, எவர் அதற்காகக் குடத்தோடு காத்து நின்றனர், அக்காத்திருப்பு எவர் உழைப்பை எவருக்கு மலிவாக்கியது என்ற வினாக்கள் எழுப்பப்படும்போது, பஞ்சம் இயற்கை நிகழ்ச்சியாக இராது சமூக உறவாக மாறிவிடுகின்றது.

இலக்கிய ஆய்வாளராகிய நாம் இவ்வினாவை எழுப்புவதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. 1971ஆம் ஆண்டு புங்குடுதீவில் கண்ணகி அம்மன் கோயிலின் நன்னீர்க் கிணற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நீர் அள்ளும் உரிமை கோரிச் சத்தியாக்கிரகம் ஒன்று நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர் மு. தளையசிங்கம். மார்க்சிய விமர்சகர்களை அவர்தம் காலத்திலேயே மிகக் கடுமையாகச் சாடியவர் அவர். எம்மவரும் அவரைத் தத்துவக் குழப்பவாதி என்றும் ஆன்மீகவாதி என்றும் ஒதுக்கிவைத்தனர். அவ்வாறு ஒதுக்கப்பட்டவர் எமது கோட்பாடு காட்டிய களத்திலேயே நின்று அடிபட்டார் என்பது எமக்குச் சங்கடம் தரும் உண்மையாகும். அச்சங்கடத்தை மறைக்காமல் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். தீவுகளில் ஆறு இல்லை. சுண்ணக்கல்லும் முருகைக்கல்லும் மணலுமான தரையில் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு பெய்யும் மழையே ஆண்டு முழுவதற்குமான நீராதாரம். தரைக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கடல்நீரை விட அடர்த்தி குறைந்ததாகையால், அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் அதன் கீழ் ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாரின் பொதுக் கணக்கு. இக்கணக்கைத் தலைகீழாகவும் படிக்கலாம்: மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர் ஏறிவரும். சிறிய தீவில் வில்லையும் மெல்லியது. எனவே ஒரே ஊரில் ஒரு கிணறு தேனாகவும் அடுத்த வளவுக் கிணறு வாயில் வைக்க இயலாத சவராகவும் இருப்பது தீவாருக்குப் புதுமையன்று. வேலணையில் சாட்டி மணற்பரப்பும் நெடுந்தீவில் சாராப்பிட்டிப் பகுதியும் நன்னீருக்குப் பெயர்பெற்றவை. ஏனைய இடங்களில் மணலைத் தோண்டிப் பூவல் எடுத்தும், மாரி நீரைக் கேணிகளில் தேக்கியும், மக்கள் கோடையைக் கடந்து வந்துள்ளனர்.

நன்னீர் ஊர் முழுவதும் பரவிக் கிடக்காமல் சில புள்ளிகளில் மட்டும் ஊறுகின்றமையின் சமூக விளைவு பெரிது. அப்புள்ளி எவருடைய வளவுக்குள் விழுகின்றதோ அவருக்கு நிலத்தோடு அயலார் மீதான அதிகாரமும் சேர்ந்து கிடைக்கின்றது. பாய்ச்சல் நீர் கொண்டுவரும் பேராறு ஒன்று பாயும் நாட்டில் நீர் அதிகாரம் மன்னனிடமோ அரசாங்க அணைக்கட்டிடமோ குவியும். தீவிலே அது ஒரு கிணற்றுக்கட்டின் மேல் நிற்பவரிடம் குவிந்தது. ஆகையால் இங்கு ஒடுக்குமுறைக்கு மாளிகையோ படையோ தேவைப்படவில்லை. வாளியும் கயிறும் போதுமாயிருந்தன.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் படித்தவர்கள் ஒன்றை அவதானித்திருப்பர். நிலத்தின் பரப்பும் எல்லையும் கூறப்பட்டபின், கிணற்றிலே இன்ன பங்கு, அதற்குச் செல்லும் வழிவாய்க்கால் உரிமை என்பன தனியே எழுதப்படும். கிணறு பிரிக்க இயலாத பொருள். ஆயினும் உறுதியில் அது அரைப் பங்காகவும் காற் பங்காகவும் அதற்கும் கீழாகவும் பிரிந்துகொண்டே செல்லும். இப்பங்கு முதுசமாகவும் சீதனமாகவும் கைமாறியது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டளவில் தொகுத்த தேசவழமைச் சட்டம் சீதனத்தைப் பெண்ணின் உடைமையாக ஏற்றுக்கொண்டது. யாழ்ப்பாணப் பெண்ணின் உயர்நிலைக்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால் சாதிக்குள்ளேயே மணம் என்ற நியதி நிலவும் சமூகத்தில், கிணற்றுப் பங்கு சீதனமாகச் செல்வதன் பொருள் நீருரிமை ஒருபோதும் சாதிக்கு வெளியே செல்லாது என்பதே. ஒரு வீட்டுப் பெண் உறுதியிலே நீரைச் சுமந்து சென்றாள். அடுத்த குடியிருப்புப் பெண் அந்நீருக்காக வெறுங்குடம் சுமந்து நின்றாள். பெண்ணுரிமை பற்றிய எமது ஆய்வுகள் முதலாமவளோடு நின்றுவிடுவதுண்டு.

தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் கிணற்றைத் தொடுதல் ஆகாது. கிணற்றடிக்குச் சற்றுத் தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு, உரிமையுடைய சாதியார் எவரேனும் வந்து அள்ளி ஊற்றும்வரை காத்திருத்தல் வேண்டும். இவ்வழக்கம் தீவுக்கு மட்டும் உரியதன்று, குடாநாடெங்கும் இருந்ததே. ஆயினும் குடாநாட்டின் செம்மண் நிலத்தில் ஒரு கிணற்றடியில் மறுக்கப்பட்டவர் வேறொரு கிணற்றடியை நாடலாம். தீவிலே மாற்றுக் கிணறு சவர்க் கிணறு. காத்திருப்பதா, உவரைக் குடிப்பதா என்ற இரண்டில் ஒன்றே தெரிவு. இக்காத்திருப்பை வெறும் அவமதிப்பாக மட்டும் கொள்ளலாகாது. மணித்தியாலக் கணக்கில் கிணற்றடியில் நிற்கும் பெண்ணின் நேரம் அவளது உழைப்பு நேரத்திலிருந்து பறிக்கப்படுவது. தண்ணீர் ஊற்றியவர் வீட்டில் கொண்டாட்டம் என்றால் வேலைக்குப் போகாதிருக்க முடியாது. கூலி குறைவென்று பேச முடியாது. தேர்தல் வந்தால் வேறு கட்சிக்கு வாக்களித்ததாகப் பெயர் கேட்கவும் முடியாது. குடிமை முறை சட்டத்தில் ஒழிந்த பின்னரும் கிணறு அதனைக் காப்பாற்றி வைத்திருந்தது. இலங்கையில் அடிமை முறை 1844ஆம் ஆண்டு சட்டப்படி நீங்கியது. நீர் அள்ளும் உரிமை அச்சட்டத்துள் அடங்கவில்லை.

இனி, இந்நிலவுடைமையாளர் எத்தகையோர் என்பதை நோக்கவேண்டும். பெருந்தோட்டமும் பெருவயலும் கொண்ட நிலப்பிரபுக்கள் தீவுகளில் உருவாதல் அரிது. மண் அதற்கு இடந்தராது. மழையை நம்பிய நெல், சிறுதானியம், பனை, தென்னை, சில இடங்களில் புகையிலை, கரையோரத்தில் மீன்பிடி என்பனவே உள்ளூர் உற்பத்தி. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் தீவார், சிறப்பாகப் புங்குடுதீவார், கடல்கடந்தும் தென்னிலங்கை சென்றும் பொருள் தேடினர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் பலசரக்குக் கடை, சாப்பாட்டுக் கடை, சுருட்டுக் கடை என அவர்கள் நிறுவியவை பல. பள்ளிப் படிப்பை இடைநடுவில் விட்ட சிறுவர் உறவினரின் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, பல ஆண்டு உழைத்து, ஒருநாள் தாமே காசுப் பட்டறையில் அமர்வதைக் கனவு கண்டனர். அக்கனவு பலித்தவர் சிலர். கடைத்தட்டுக்குப் பின்னேயே இளமையைக் கழித்து, நோயோடு ஊர் திரும்பியவர் பலர். தீவுகளின் பொருளியல் வரலாற்றில் இரண்டாவது வகையினரைப் பற்றிய பதிவு மிகக் குறைவு. வெற்றிபெற்றோரின் பெயரே மடங்களிலும் மண்டபங்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது.

குடாநாட்டார் தீவாரை இளக்காரமாகப் பேசியதையும் இங்கு சொல்லவேண்டும். தீவான் என்ற சொல்லில் வெறுப்பும் பொறாமையும் கலந்திருந்தன. அவ்விளக்காரத்தை அனுபவித்தவரே தம் ஊரில் கிணற்றடியில் நின்று பிறரை இளக்காரம் செய்தனர்.

முரண்பாடு இங்கேதான் கூர்மையடைகின்றது. கொழும்புக் கடையில் வாடிக்கையாளரின் சாதியை எவரும் கேட்பதில்லை. நாணயம் செல்லுபடியாயின் போதும். அதே முதலாளி ஆடி மாதத் திருவிழாவுக்கு ஊர் வந்து இறங்கியதும் சாதியின் காவலராகின்றார். இதனைத் தனிமனிதரின் போலித்தனமாக விளக்குவது எளிது, போதாது. மூலதனம் நூலின் மூன்றாம் பாகத்தில் மார்க்ஸ் வணிக மூலதனத்தின் வரலாற்றுப் பங்கை ஆராய்ந்து, அது தன்னளவில் பழைய உற்பத்தி முறையைத் தகர்க்கவல்லதன்று என்றும், பல இடங்களில் அதனைப் பேணிக்கொண்டே அதன்மேல் வாழ்கின்றது என்றும் விளக்கியுள்ளார். புங்குடுதீவு அதற்கு நல்லதோர் உதாரணம். கொழும்பில் திரட்டப்பட்ட இலாபம் தீவிலே தொழிலாக மாறவில்லை. அது கல்வீடாகவும், சீதனமாகவும், காணியாகவும், கோயில் திருப்பணியாகவும் உருமாறியது. இவை நான்கும் சாதி மதிப்பைக் கூட்டுபவை. நான்கும் கிணற்றோடு தொடர்புடையவை. சந்தையிலே பெற்ற பணம் ஊரிலே சந்தைக்கு முந்திய உறவைப் புதுப்பித்தது. சாதியை நிலப்பிரபுத்துவத்தின் எச்சம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடும் எமது பழக்கம் இவ்விடத்தில் பயன்படாது. எச்சம் எனில் தானே தேயவேண்டும். இது ஒவ்வொரு மாதமும் மணியோடர் மூலம் ஊட்டம் பெற்றது.

அரசின் நிலை என்ன? 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சாதி காரணமாகச் சமூகக் குறைபாடுகளை விதிப்பதைக் குற்றமாக்கியது. அது ஏட்டில் உறங்க, 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்ததும் அச்சட்டத்துக்கு உயிரூட்டின. பொதுவுடைமையாளர் இரத்தம் சிந்தி ஈட்டிய பெருமை அது. அதனைக் குறைத்துப் பேச எமக்கு மனமில்லை. ஆயினும் அப்போராட்டங்களின் பெயர்பெற்ற களங்கள் குடாநாட்டிலேயே அமைந்தன. தேநீர்க் கடையும் கோயிலும் முன்னணிக்கு வந்த அளவுக்குக் கிணறு வரவில்லை. காரணம் ஒன்று வெளிப்படை: கடை வணிகத் தலம், கோயில் பொது வழிபாட்டுத் தலம் என வாதிடலாம். கிணறோ பொதுவா தனியாரதா என்ற கேள்வியிலேயே வழக்கு நின்றுவிடும். கோயிற் கிணறு இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. தெய்வத்தின் பெயரால் ஊருக்குப் பொது. அறங்காவலரின் பெயரால் சாதிக்குச் சொந்தம். தளையசிங்கம் தெரிந்தெடுத்த களம் இதுவே என்பது தற்செயலன்று என்று கருதுகின்றோம்.

புங்குடுதீவில் 1935ஆம் ஆண்டு பிறந்த தளையசிங்கம் ஆசிரியராகப் பணிபுரிந்தவர். ‘புதுயுகம் பிறக்கிறது’ என்ற சிறுகதைத் தொகுதி 1965இல் வெளிவந்தது. ‘போர்ப்பறை’ 1970இல் வெளியாயிற்று. ‘மெய்யுள்’ அவர் மறைவுக்குப் பின் 1974இல் நூலுருப் பெற்றது. 1956க்குப் பிந்திய ஈழத்து இலக்கியத்தை மதிப்பிட்டு அவர் எழுதிய ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ முற்போக்கு அணியினரின் கோபத்துக்கு ஆளானது. பேராசிரியர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் முன்வைத்த யதார்த்தவாதம் மனிதனைப் பொருளாதாரப் பிராணியாகக் குறுக்குகின்றது என்பது அவர் வாதம். காந்தியிடமும் அரவிந்தரிடமும் பெற்ற கருத்துகளைக் கொண்டு, பொருள்முதல்வாதத்தையும் கருத்துமுதல்வாதத்தையும் கடந்ததெனத் தாம் நம்பிய மெய்முதல்வாதம் ஒன்றை அவர் வகுக்க முயன்றார். சர்வோதயம் அவருடைய அரசியற் சொல்லாயிற்று.

இத்தத்துவம் குறித்து எமக்குள்ள கருத்து வேறுபாட்டை மூடிமறைக்க வேண்டியதில்லை. பரிணாமத்தின் அடுத்த படியில் மனிதகுலம் முழுவதும் ஒரு புதிய உணர்வுநிலையை எய்தும் என்ற நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் எதனையும் அவர் காட்டவில்லை. வர்க்கம் என்ற கருத்தை அவர் கையாளும் இடங்களில் தெளிவைவிட அவசரமே மிகுதி. அவருடைய உரைநடை சில இடங்களில் ஆய்வின் கட்டுப்பாட்டை உதறிவிட்டு ஆவேசமாய்ப் பாய்கின்றது. ஆனால் ஒரு சிந்தனையாளரை மதிப்பிடுமிடத்து அவருடைய வாக்கியங்களை மட்டும் எடைபோட்டு, நடைமுறையைத் தராசுக்கு வெளியே வைப்பதற்கு, நடைமுறையே உண்மையின் உரைகல் என்று போதிக்கும் எமக்கு என்ன நியாயம் இருக்கின்றது?

1971இல் நிலைமை எவ்வாறிருந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் தென்னிலங்கையில் இளைஞர் கிளர்ச்சி வெடித்து ஒடுக்கப்பட்டது. நாடு அவசரகாலச் சட்டத்தின் கீழ் இருந்தது. இடதுசாரிக் கட்சிகள் இரண்டு கூட்டரசாங்கத்தில் அமர்ந்திருந்தன. தமிழ்த் தேசிய அரசியலோ தமிழர் அனைவரையும் ஒரே குரலில் பேசவைக்க முயன்றுகொண்டிருந்தது. கிணற்றடிப் பிரச்சினை அக்குரலைப் பிளக்கும் என அஞ்சியவர் பலர். இத்தருணத்தில் உயர்சாதியிற் பிறந்த ஓர் ஆசிரியர், தம் ஊர்க் கோயிலில், தம் உறவினரும் அயலவரும் அடங்கிய கூட்டத்துக்கு எதிராக, கிணற்றடியில் நின்றார். பொலிஸார் அவரைத் தாக்கினர். அதன்பின் அவர் உடல்நலம் குன்றியதென்பது அவரை அறிந்தோர் கூற்று. 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்பே, அவர் மறைந்தார்.

மஹாத் நகரில் 1927 மார்ச் 20ஆம் நாள் அம்பேத்கர் நடத்திய சவுதார் குளத்துப் போராட்டம் இங்கு இயல்பாகவே நினைவுக்கு வரும். இரண்டிலும் தாகம் மட்டும் காரணமன்று. தாமும் மனிதரே என்பதைப் பொது நீரில் கைவைத்து நிறுவுவதே நோக்கம். ஆனால் வேறுபாடும் ஆழமானது. மஹாத்தில் ஒடுக்கப்பட்டோரே ஆயிரக்கணக்கில் திரண்டு, தம்முள் தோன்றிய தலைவரின் பின்னால் குளத்தில் இறங்கினர். நகரசபையின் குளம் ஆகையால் வழக்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்காக நடந்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. புங்குடுதீவில் போராட்டத்தின் முகம் ஒடுக்கும் சாதியிலிருந்து விலகிவந்த ஒருவருடையது. அவர் மனச்சாட்சியை நோக்கிப் பேசினார். காணி உறுதியை நோக்கிப் பேசவில்லை. மனச்சாட்சி மாறினால் கிணறு திறக்கும் என்பது சத்தியாக்கிரகத்தின் எடுகோள். உறுதி மாறாமல் மனச்சாட்சி எவ்வளவு தூரம் மாறும் என்பதே எம் ஐயம். நீர் ஆதாரத்தின் உடைமையை, அதாவது எவருக்கு அது சொந்தமாதல் வேண்டும் என்பதை, அவர் கோரிக்கையாக வைத்திருந்தால் தனிமைப்பட்டிருப்பாரோ, மேலும் வலுப்பெற்றிருப்பாரோ, சொல்வதற்கில்லை. அக்கோரிக்கையை எம்மவரும் அன்று வைக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

ஈழத்து இலக்கியத்தில் நீர் தொடர்ந்து தோன்றும் பொருள் என்பதும் இதனோடு சேர்த்து நோக்கற்பாலது. டொமினிக் ஜீவாவின் ‘தண்ணீரும் கண்ணீரும்’ 1960இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. ‘பஞ்சமர்’ முதலாக நாவல் வரிசை ஒன்றைப் படைத்த கே. டானியல், தம் நாவல் ஒன்றுக்குத் ‘தண்ணீர்’ என்றே பெயரிட்டார். 1986இல் தஞ்சாவூரில் அவர் மறைந்தபோது ஒடுக்கப்பட்டோரின் வரலாறு என்று சொல்லத்தக்க ஒரு படைப்புத் தொகுதி பின்னே இருந்தது. டானியலிடம் ஒடுக்கப்பட்டோர் வரலாற்றின் இயக்குநர்களாக வருகின்றனர். கிணறு அவர்களுக்கு அன்றாடப் போர்க்களம். தளையசிங்கத்தின் புனைகதைகளிலோ உள்ளம் குடையப்படும் மத்தியதர மனிதனே மையம். எழுத்தில் டானியல் சென்ற இடத்துக்குத் தளையசிங்கம் செல்லவில்லை, உடலால் சென்றார். எழுத்துக்கும் செயலுக்கும் இடையிலான இவ்விடைவெளியை எமது விமர்சனம் ஒரு பிரச்சினையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. டானியலைப் புகழவும் தளையசிங்கத்தை மறுக்கவும் ஆயத்தமான சொற்கள் இருந்தன. இருவரையும் ஒரே கிணற்றடியில் நிறுத்திப் பார்க்கும் சொற்கள் இருக்கவில்லை.

1970களில் பொருளியல் அடித்தளமே சற்று அசைந்தது. இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் விலை ஏற, குடாநாட்டு விவசாயி தலைநிமிர்ந்தார். நீர் உள்ள இடத்திலேயே அந்நிமிர்வு. சவர் நிலத் தீவாருக்கு அதில் கிடைத்த பங்கு சிறிதாகவே இருந்திருக்கும். இதைவிட முக்கியமானது பனை சார்ந்த கூட்டுறவுச் சங்கங்களின் தோற்றம். கள்ளிறக்கும் தொழிலாளி மரத்துக்குரியவரையும் தவறணைக் குத்தகைக்காரரையும் மட்டும் நம்பியிருந்த நிலை மாறி, தன் உழைப்பின் பயனைச் சங்கத்தினூடாகப் பெறத்தொடங்கினார். கையில் காசு வந்ததும் பலர் செய்த முதற் காரியங்களுள் ஒன்று தம் வளவில் கிணறு வெட்டுவது. எந்தப் பிரசங்கத்தையும் விட இது கிணற்றடிக் காத்திருப்பைக் குறைத்தது. வெட்டியது சவர்க் கிணறாயின் குளிக்கவும் தோய்க்கவுமே உதவும் என்பதையும் மறுக்க இயலாது. குடிநீருக்கு மீண்டும் பழைய கிணறே.

இவ்வசைவு எவ்விடத்துக்குச் சென்றிருக்கும் என்று அறிய வரலாறு இடந்தரவில்லை. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் தென்னிலங்கைக் கடைகளை எரித்தன; தீவுகளை வாழவைத்த வணிகத்தின் முதுகெலும்பு முறிந்தது. 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ படகின் பயணிகள் நடுக்கடலில் கொல்லப்பட்டனர். 1990 ஓகஸ்டில் தீவுகள் இராணுவ நடவடிக்கைக்கு உள்ளாயின. 1991இல் எஞ்சியோரிலும் பெரும்பாலார் வெளியேறினர். சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவெளிக் கிராமம்’ (1995) அவ்வெறுமையைப் பாடிய தொகுதி. தளையசிங்கத்தின் வட்டத்திலிருந்து எழுந்த இக்கவிஞரும் புங்குடுதீவினரே. மனிதரற்ற ஊரில் கிணறுகள் திறந்து கிடந்தன. அள்ளுவதற்குத் தடை சொல்ல எவருமில்லை, அள்ளவும் எவருமில்லை.

மக்கள் சிறுகச் சிறுகத் திரும்பிய பின் உருவான நிலைமையே இன்றைய ஆய்வாளருக்குரிய பொருள். வசதி படைத்தோர் ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்து நகரங்களிலும் தங்கிவிட்டனர். ஊருக்குத் திரும்பியோரில் வெளிநாடு செல்ல வழியற்றோர் பலர். ஒரு காலத்தில் குடத்தோடு காத்து நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் இன்று அவ்வூரின் மெய்யான குடிகளாயினர். உடைமை மட்டும் இடம்பெயர்ந்தோர் பெயரிலேயே இருக்கின்றது. காணி ஒரு கண்டத்தில், உறுதி இன்னொரு கண்டத்தில், அற்றோணித் தத்துவம் யாழ்ப்பாணத்திலுள்ள ஓர் உறவினரிடம். கொழும்புக் கடை இலாபம் செய்த வேலையை இப்போது டொலரும் பிராங்கும் யூரோவும் செய்கின்றன. ஆளில்லாத் தெருவில் புதுக் கோபுரம் எழுகின்றது. வணிக மூலதனம் பழைய உறவைப் பேணும் என்று மேலே கூறியதற்கு எல்லை கடந்த புதிய வடிவம் இது. நாம் அயலூர்ப் பணத்தைக் குறை கூறவில்லை. பள்ளிக்கூடக் கூரையும் மருத்துவமனைக் கட்டிலும் அப்பணத்தால் வந்தவையே பல. எதற்குப் பணம் வருகின்றது, எதற்கு வருவதில்லை என்ற தெரிவை எவர் செய்கின்றார் என்பதே கேள்வி.

குடிநீருக்கு இன்று சாட்டி முதலிய இடங்களிலிருந்து பவுசர் வருகின்றது. பிரதேச சபையின் குழாயடிக்கும் நீர்த்தாங்கிக்கும் முன் சாதி வரிசை இல்லை. இது சிறிய மாற்றமன்று. ஆனால் சாட்டியின் மணல் வில்லையும் முடிவற்றதன்று. அளவுக்கு மேல் இறைத்தால் அங்கும் உவர் ஏறும். இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு முன்வைக்கப்பட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் வயலுக்கான நீர் குறையும் என எதிர்த்தனர். எதிர்த்தோரில் பெரும்பாலோர் ஏழை உழவர் என்பதால் அதனைப் பிரதேசவாதம் என்று தள்ளிவிட முடியாது. முடிவில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியில் அமைந்து 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. கடன்பட்ட நாடு ஒன்று மின்சாரத்தை எரித்துக் கடலிலிருந்து பிழியும் நீரின் விலை குறைவாயிருத்தல் இயலாது; அவ்விலையை எவர் தலையில் எவ்வாறு பங்கிடுவது என்பது இனி வரும் போராட்டத்தின் பொருளாகலாம்.

மின்சாரம் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் வெயிலும் கலந்த மின்னுற்பத்தி அமைப்பதற்கான ஒப்பந்தம் 2021இல் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, திட்டம் நின்றது, 2022 மார்ச்சில் அதே திட்டம் இந்திய மானியத்தின் கீழ் கைச்சாத்தானது. தீவுகளின் பெயர்கள் டில்லியிலும் பெய்ஜிங்கிலும் உச்சரிக்கப்பட்ட அந்நாட்களில் தீவார் எண்ணெய் எரிக்கும் இயந்திரத்தின் மின்சாரத்தோடே இரவைக் கழித்தனர். தமக்குரிய வளம் எவர் கையால் ஊற்றப்படும் என்று தள்ளிநின்று காத்திருக்கும் நிலைக்கு ஒரு நாடே ஆளாகலாம் போலும்.

தளையசிங்கத்தின் எழுத்துகள் பின்னர் முழுத் தொகுதியாக வெளிவந்துள்ளன. தமிழகத்திலும் அவர் விவாதிக்கப்படுகின்றார். அவ்விவாதங்கள் பெரும்பாலும் மெய்முதல்வாதத்தையும் மெய்யுளின் வடிவத்தையும் சுற்றியே நிகழ்கின்றன. கிணறு ஒரு வாழ்க்கைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றது. எம் தரப்பில் செய்யவேண்டிய பணி வேறு. அன்று குடத்தோடு நின்ற பெண்களில் இன்றும் உயிரோடிருப்பவர் தீவிலும் வன்னியிலும் உளர். அவர்கள் அக்கிணற்றையும் அந்த ஆசிரியரையும் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதைக் கேட்டெழுதும் வேலை, கோயில் நிருவாகப் பதிவுகளையும் உறுதிகளையும் பொலிஸ் முறைப்பாடுகளையும் தேடும் வேலையோடு சேர்ந்து நடைபெறல் வேண்டும். அவர்களுள் மிக இளையவருக்கும் இப்போது எழுபது வயதளவில் இருக்கும்.